இருபத்தேழாம் எண் சாவி

ரெங்கத்தில், ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் ஒன்பது வீடுகள். பகலில் ஆள் இருக்கும் வீடு அதில் ஒன்றே ஒன்றுதான், மூலையிலுள்ள அங்கம்மாவின் வீடு. மற்றவர்கள் எல்லாரும் விடியுமுன் குளுவாங், செனாய், சிங்கப்பூர் என்று வேலைக்குச் சிதறிவிடுவார்கள். அங்கம்மா ஸ்டேஷன் வாசலில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களை விற்றுவிட்டு ஒன்பது மணிக்குத் திரும்பினால் பிறகு எங்கும் போகமாட்டாள். அதனால் வரிசை வீடுகளின் மாற்றுச் சாவிகள் எல்லாம் அவள் சமையலறைச் சுவரில் தொங்கும். எட்டு ஆணிகள், ஏழு சாவிகள். காலியான ஆணி பக்கத்து வீட்டுச் சுபத்திராவுக்கு உரியது. ஒன்பது வருடமாக அது காலியாகத்தான் இருந்தது.

சுபத்திராவுக்கு அங்கம்மாவோடு பகை ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு முறுக்கு போகும், திரும்பத் தட்டில் ஓலையில் அவித்த கெத்துப்பாட் சோறு வரும். ஆனால் சாவி மட்டும் போகாது. குளுவாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவளுக்கு வேலை. எந்தத் தாதி எந்த நோயாளியின் பதிவைத் திறக்கலாம், எந்த மருத்துவர் எதைப் பார்க்கக்கூடாது என்று வாசல் காப்பதே அவள் பிழைப்பு. "பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள், வண்டி எண்ணை வைக்காதீர்கள்" என்று வருடத்துக்கு இரண்டு முறை எல்லாரையும் உட்காரவைத்துப் பாடம் எடுப்பாள். பதினெட்டு வருடம் குடும்பம் நடத்திய புருஷன் செல்வாவுக்கே அவள் கைப்பேசியைத் திறக்கத் தெரியாது. அரண்மனையே ஹரிராயாப் பெருநாளுக்குத் திறந்துவிடுகிறார்கள், என் வீட்டுக்காரி போன் அதற்கும் மேலே என்று அவன் சிங்கப்பூர் கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பான்.

இதெல்லாம் அப்பா வழி வந்த குணம். அவள் அப்பா கனகராஜ், பெக்கான் நானாஸில் ஒரு அன்னாசிக் கிடங்கில் காவலாளியாக இருந்தவர். ஒருநாள் கூட்டாளி ஒருவர் அரை மணி நேரத்துக்குக் கிடங்குச் சாவியைக் கேட்டார். இவர் யாரிடமும் சொல்லாமல் கொடுத்தார். மறுநாள் நாற்பது பெட்டிகளைக் காணோம், கூட்டாளியையும் காணோம். வேலை போய், குடும்பம் மூட்டை கட்டி ரெங்கத்துக்கு வந்தபோது சுபத்திராவுக்குப் பத்து வயது. அந்தக் கூட்டாளியைப் பற்றி அப்பா கடைசிவரை ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. மகளிடம் மட்டும் ஒன்று சொன்னார்: "யாரு எதக் கேட்டாலும் குடும்மா, சாவிய மட்டும் குடுக்காத." பெற்றவர் சொன்ன நல்ல புத்தி ஆயிரம் மறந்துபோகும், இந்த மாதிரி ஒரு வார்த்தை மட்டும் சாகும்வரை கூடவே வரும்.

நாற்பத்தொரு வயதில் சுபத்திரா ஜொகூர் பாருவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாக முதுகலைப் படிப்பில் சேர்ந்தாள். கணினிக்குள் யாரை விடுவது, யாரை நிறுத்துவது என்பதுதான் ஆய்வு. அவளுக்கு வழிகாட்டி டாக்டர் யோகேந்திரன். கோபமே வராத மனிதர். வந்தாலும் அதை மின்னஞ்சலில் "ஒரு சின்ன விஷயம்" என்று தொடங்குபவர். இன்னும் கடுமையான பூட்டு ஒன்றைக் கண்டுபிடிப்பது என்றுதான் அவள் கிளம்பினாள். ஆனால் ஒரே வாரத்தில் நடந்த இரண்டு காரியங்கள் ஆய்வைத் தலைகீழாகப் புரட்டிவிட்டன.

முதலாவது, ஷாமளா என்ற தாதி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வலிப்போடு ஒரு குழந்தை வந்தது. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று பார்க்கப் பதிவைத் திறந்தால், உங்களுக்கு அனுமதி இல்லை என்றது திரை. ஷாமளா கையுறைப் பெட்டிக்கு அடியில் ஒட்டியிருந்த இன்னொருத்தியின் கடவுச்சொல்லைப் போட்டுத் திறந்தாள். குழந்தை பிழைத்தது. சுபத்திரா விதிப்படி ஷாமளா மேல் அறிக்கை எழுதக் கூப்பிட்டாள். அந்தப் பெண் அழவில்லை, சண்டை போடவில்லை. "சரி மிஸ், தப்புதான். அந்த நேரத்துல நான் என்னா செஞ்சிருக்கணும், அதச் சொல்லுங்க" என்றாள். சுபத்திரா அறிக்கையை எழுதாமலே மூடி வைத்தாள்.

இரண்டாவது, அவள் வீட்டுத் தண்ணீர்க் குழாய். பகல் பதினொரு மணிக்கு அது வெடித்து, கதவுக்கு அடியால் தண்ணீர் வாசலுக்கு வந்தது. செல்வா சிங்கப்பூரில், சுபத்திரா மருத்துவமனையில். அங்கம்மாவும் அவள் கத்திக் கூப்பிட்ட அடுத்த தெருக்காரர்களும் வாளியும் துடைப்பமுமாக வாசலில் நின்றார்கள். உள்ளே போகத்தான் வழியில்லை. கடைசியில் இரும்புக் கிராதியை அறுத்தார்கள். அதற்குள் மெத்தை, அரிசி, செல்வாவின் ஒலிபெருக்கி எல்லாம் மிதந்துவிட்டன.

அன்று சாயங்காலம் ஈரத் தரையில் நின்றுகொண்டு அவள் பக்கத்து வீட்டுச் சத்தத்தைக் கேட்டாள். "பதினேழாம் நம்பருக்கு ஏர்கோன் பாக்க ஆள் வந்திருக்கு, சாவி குடுக்குறேன்!" அங்கம்மாவின் வழக்கம் அது. யார் கேட்டாலும் சாவி உண்டு. ஆனால் யாருக்கு, எந்த வீடு, என்ன காரணம் என்று தெருவில் நின்று கத்திச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பாள். அதையே வரிசையின் வாட்சாப் குழுவிலும் குரலாகப் போடுவாள். சாவி திரும்பி வந்ததும் இன்னொரு தடவை கத்துவாள். இத்தனை வருடத்தில் அந்த வரிசையில் ஒரு குண்டூசி காணாமல் போனதில்லை. ஊரறிய உள்ளே போகிறவன் எப்படித் திருடுவான்? இந்தக் கத்தலை ஆறு வருடமாகத் தலைவலி என்றுதான் சுபத்திரா நினைத்திருந்தாள். அன்றைக்குத்தான் உறைத்தது. அப்பா சாவியைக் கொடுத்தது தப்பில்லை. யாருக்கும் தெரியாமல் கொடுத்ததுதான் தப்பு.

அதையே கணினிக்குள் கொண்டுவந்தாள். அவசரம் என்றால் எந்தத் தாதியும் எந்தப் பதிவையும் திறக்கலாம். ஆனால் பெயரும் காரணமும் அந்தக் கணமே வார்டிலுள்ள எல்லாத் திரைகளிலும் ஓடும். யாரையும் தடுப்பதில்லை, யாரும் மறைவாக நுழைவதும் இல்லை. இரண்டு வார்டுகளில் மூன்று மாதம் ஓட்டிப் பார்த்தாள். கையுறைப் பெட்டிகளுக்கு அடியில் ஒட்டியிருந்த காகிதங்கள் பத்தொன்பதிலிருந்து மூன்றாகக் குறைந்தன. யோகேந்திரன் அதைப் படித்துவிட்டு, இதைத் தைப்பேயில் நடக்கும் கருத்தரங்குக்கு அனுப்பலாம் என்றார். லேசான இடம் இல்லை, நூறு கட்டுரை போனால் பதினெட்டு தேறும் என்றும் சொன்னார். அது தேறினால்தான் இந்த வருடம் அவள் பட்டம் வாங்கலாம். இல்லையென்றால் இன்னொரு வருடம் காத்திருந்து, இன்னொரு முறை கட்டணம் கட்டவேண்டும்.

கட்டுரை எழுதி முடித்தாள், அலங்காரமெல்லாம் செய்தாள். கடைசிப் பக்கத்தில் நன்றி எழுதினாள். இங்கேதான் வினை. நம்மவர்களுக்கு நன்றி என்றால் இரண்டு வரியில் முடியாது. சுபத்திராவின் கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெரியப்பா பெயர் விடுபட்டுப்போய், அந்த மனிதர் ஆறு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பயம் அவளுக்கு இன்னும் உண்டு. அதனால் மருத்துவமனையின் பெயர், இரண்டு வார்டுகள், ஷாமளா, யோகேந்திரன், வரிசையிலுள்ள எட்டு வீட்டுக்காரர்கள், கதவு எண்ணோடு ஒருவர் விடாமல் எழுதினாள். எல்லாருக்கும் மேலே முதல் பெயராக அங்கம்மா. பிறகு கட்டுரையை எழுதியவர் யார் என்று மதிப்பிடுபவர்களுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் படிக்காமலே தள்ளிவிடுவோம் என்ற கருத்தரங்கின் விதி நினைவுக்கு வந்து, முதல் பக்கத்திலிருந்த தன் பெயரையும் யோகேந்திரன் பெயரையும் பொறுப்பாக நீக்கினாள். கடைசிப் பக்கத்தை மறந்தாள். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே புதன்கிழமை அனுப்பிவிட்டு, நல்ல பிள்ளையாக நிம்மதியாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை லாபிஸில் செல்வாவின் அக்காள் மகள் பிரவீனாவுக்கு நிச்சயதார்த்தம். காலையிலிருந்து மழை. மண்டபத்தில் தட்டு மாற்றி முடிந்து, சுபத்திரா பட்டுச்சேலையோடு கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யோகேந்திரன் அழைத்தார். மணி ஆறு ஐம்பது.

ஒரு சின்ன விஷயம் என்று தொடங்கினார். அனுப்பிய பிரதியை இப்போதுதான் கடைசிவரை பார்த்தாராம். "நன்றியில எல்லார் பேரும் இருக்கு சுபத்திரா. வீட்டு நம்பர்கூட இருக்கு."

சுபத்திரா கேசரித் தட்டைக் கீழே வைத்தாள். தேதிதான் முடிந்துவிட்டதே என்றாள். இல்லை, அவர்கள் கணக்கு உலகத்தின் கடைசி மூலையில் வெள்ளிக்கிழமை முடியும்வரை என்றார் அவர். நமக்கு அது இன்று இரவு எட்டு அடிக்க ஒரு நிமிடம். அதற்குள் புதிய பிரதியை மாற்றி ஏற்றினால் தப்பிக்கலாம். நான் வேண்டுமானால் திருத்தித் தருகிறேன், உங்கள் கணக்குக்குள் எப்படிப் போவது என்று கேட்டார்.

அங்கேதான் சுபத்திரா தன் பூட்டில் தானே மாட்டிக்கொண்டாள். அந்தக் கருத்தரங்குக் கணக்கின் கடவுச்சொல் இருபது எழுத்து. அது அவளுக்கே தெரியாது. வீட்டு மடிக்கணினியில் கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் மென்பொருள் பெட்டகம் ஒன்றுக்குத்தான் தெரியும். மறந்துவிட்டது என்று புதிதாகக் கேட்டால் மின்னஞ்சல் வரும். கைப்பேசி திருட்டுப்போகும் பொருள் என்று அந்த மின்னஞ்சலையும் அவள் கைப்பேசியில் வைத்துக்கொள்வதில்லை. மழையில் லாபிஸிலிருந்து ரெங்கம் போக ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. இருப்பதோ ஒரு மணி நேரம் சொச்சம். வீட்டுச் சாவி கைப்பையில். ஊருக்குத்தான் உபதேசம் என்று அவளைத் தெரிந்தவர் யாராவது அப்போது சொல்லியிருந்தால் அடிவாங்கியிருப்பார், ஆனால் உண்மை அதுதான். அங்கம்மாவின் முறையை நாற்பத்து மூன்று மேற்கோள்களோடு புகழ்ந்து எழுதியவள், அந்த அங்கம்மாவிடம் ஒரு சாவியைக் கொடுத்து வைக்கவில்லை.

மண்டப வாசலில் மழைச் சாரலில் நின்று, எல்லாம் போச்சு என்று செல்வாவிடம் சொன்னாள். அவள் கண் கலங்கி அவன் அதிகம் பார்த்ததில்லை. செல்வா தன் செருப்பைப் பார்த்தான்.

"திட்டாத. அங்கம்மாக்காகிட்ட ஒரு சாவி இருக்கு" என்றான்.

"எந்தச் சாவி?"

"நம்ம வீட்டுச் சாவிதான். பைப்பு வெடிச்ச மறுவாரமே குடுத்துட்டேன்."

மூன்று வருடம். சுபத்திராவுக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டுக்கும் நேரமில்லாததால் கைப்பேசியை நீட்டினாள்.

அங்கம்மா எடுத்தாள். விஷயத்தைக் கேட்டாள். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. "சரி சுபா, தொறக்குறேன். ஆனா சொல்லிட்டுத்தான் தொறப்பேன்லா, தெரியுமில்ல" என்றாள். நூறு கிலோமீட்டர் தள்ளி லாபிஸில் நின்றிருந்த சுபத்திராவின் காதில், ரெங்கத்துத் தெரு முழுக்கக் கேட்கும்படி அந்தக் குரல் விழுந்தது: "இருபத்தேழாம் நம்பர் வீட்டத் தொறக்குறேன்! சுபத்திரா சொல்லித் தொறக்குறேன்! கம்ப்யூட்டர் வேல!" இந்தத் தடவை அது தலைவலியாக இல்லை.

அறிவித்தால் ஆள் வரத்தானே செய்யும். சனிக்கிழமை ஆனதால் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். இருபத்தொன்றாம் எண் தனலெட்சுமி டீச்சர், தமிழ்ப்பள்ளியில் கணினிப் பாடமும் எடுப்பவள், குடையோடு ஓடிவந்தாள். அவள் மடிக்கணினி முன் உட்கார, அங்கம்மா கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டுப் பிடித்துக்கொள்ள, பின்னால் ஐந்தாறு பேர் நிற்கும் மூச்சுச் சத்தம் கேட்டது.

"பாஸ்வேர்டு சொல்லுங்க சுபா" என்றாள் டீச்சர்.

சுபத்திரா வாயைத் திறந்தாள், மூடினாள். மணி ஏழு இருபது. பக்கத்தில் செல்வா நின்றான். கொஞ்சம் தள்ளிப் போங்கள் என்று சொல்லலாமா என்று பார்த்தாள். இனி என்ன தள்ளிப்போவது என்று விட்டுவிட்டாள்.

"ஜே, டி, எல்" என்றாள் மெதுவாக. "ஆறு, நாலு, எட்டு, ரெண்டு."

செல்வா திரும்பிப் பார்த்தான். "அது என் கப்சாய் நம்பர்ல?" கல்யாணத்துக்கு முன் அவன் அந்தச் சின்ன மோட்டார் சைக்கிளில்தான் வாராவாரம் லாபிஸிலிருந்து ரெங்கம் வந்து, ஸ்டேஷன் பக்கம் வேலையில்லாதவன் மாதிரி சுற்றிக்கொண்டிருப்பான். அதை விற்றே பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது.

"உள்ள பெட்டகம் ஒண்ணு கேக்குது, அதுக்கு?" என்றாள் டீச்சர்.

"அதே நம்பர்தான். கடைசில ஒரு ஆச்சரியக்குறி."

ரெங்கத்தில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். வண்டி எண்ணை வைக்காதீர்கள் என்று வருடத்துக்கு இரண்டு முறை பாடம் எடுத்தவள், நிச்சயதார்த்த வாசலில் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். செல்வா குடையை அவள் பக்கமாகச் சாய்த்துவிட்டு, தான் நனைந்துகொண்டு, பல் தெரிய நின்றான்.

கட்டுரை திறந்தது. கடைசிப் பக்கத்துக்குப் போய் நன்றி என்ற பகுதியை முழுதும் அழிக்கச் சொன்னாள் சுபத்திரா. மறுபக்கத்திலிருந்து டீச்சர் குரல் வேறு மாதிரி வந்தது. "அக்கா, இதுல உங்க பேரு இருக்கு. மொத பேரே உங்களதுதான்." அவள் அதைத் தமிழில் சொன்னாள்: இந்த ஆய்வின் மூல யோசனை எங்கள் பக்கத்து வீட்டு அங்கம்மாவினுடையது, நாங்கள் அதைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றினோம், அவ்வளவே.

அங்கம்மா வரிசை முழுக்கக் கேட்கக் கத்துபவள். அப்போது அவளிடமிருந்து சத்தமே வரவில்லை.

"அக்கா" என்றாள் சுபத்திரா.

"மணி ஆவுது. அழிச்சிரு டீச்சர்" என்றாள் அங்கம்மா.

டீச்சர் அழித்தாள். புதிய பிரதியாக்கி ஏற்றினாள். மழைக்கு இணையம் ஆமையாக ஊர்ந்தது, பாதியில் நின்றது, யாரோ வீட்டு இணையப் பெட்டியைத் தட்டினார்கள், யாரோ தட்டாதே என்று அதட்டினார்கள். ஏழு ஐம்பத்து மூன்றுக்குப் பெற்றுக்கொண்டோம் என்று திரையில் வந்தது. டீச்சர் அதைப் படித்ததும் அங்கம்மாவின் குரல் மறுபடி தெருவுக்குப் போனது: "வேல முடிஞ்சிருச்சி! இருபத்தேழு பூட்டியாச்சு!"

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகச் சுபத்திரா பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கம்மா அலமாரியிலிருந்து ஒரு மைலோ டின்னை எடுத்து, அதற்குள்ளிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். ஆணி இருக்க ஏன் டின்னில் என்று கேட்டாள் சுபத்திரா.

"தம்பி குடுத்தாரு. நீ குடுக்கலயே. நீ குடுக்காத சாவிய நான் எப்படி ஆணில மாட்டுறது? இந்தா, வச்சிக்க" என்றாள் அங்கம்மா, சாதாரணமாக.

சுபத்திரா வாங்கிக்கொண்டாள். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அப்பாவின் குரல் அதை அங்கேயே நிறுத்திவிட்டது. மறுநாள் கடவுச்சொல்லை மாற்றினாள், சாவியை மேசை இழுப்பறையில் போட்டாள். கப்சாய் எண் போய்விட்டதா என்று செல்வா இரண்டு வாரம் நச்சரித்தான். அவள் சொல்லவில்லை.

இரண்டரை மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தைப்பேயிலிருந்து பதில் வந்தது. கட்டுரை தேறிவிட்டது. சுபத்திரா சமையலறையில் நின்று உரக்கச் சிரித்தாள். தோசை கருகியதுகூடத் தெரியவில்லை. செல்வா கருகிய தோசையைத் தின்றுகொண்டே அவளையே பார்த்தான். யோகேந்திரனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் முதன்முறையாகச் சின்ன விஷயம் என்று சொல்லாமல் பேசினார். இறுதிப் பிரதியில் எல்லாப் பெயர்களையும் திரும்பப் போடலாம், நன்றியையும் போடலாம் என்றார். பெரியப்பா பெயரையும் சேர்த்துவிடு என்றான் செல்வா.

அந்தப் பதிலில் கூடவே, கட்டுரையை மதிப்பிட்டுக் கருத்துச் சொன்னவர்களில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். முறை நன்றாக இருக்கிறது. ஆனால் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, பூட்டின் சொந்தக்காரரே இதை நம்பித் தன் சாவியைக் கொடுத்த உதாரணம் ஏதும் உண்டா? இறுதிப் பிரதியில் பதில் வேண்டும்.

சுபத்திரா உடனே உட்கார்ந்து "உண்டு" என்று அடித்தாள். அந்தச் சனிக்கிழமைக் கதையை எழுத ஆரம்பித்தாள். இரண்டு வரி போனதும் கை நின்றது. சாவியைக் கொடுத்தது செல்வா, அதுவும் திருட்டுத்தனமாக. அவள் கொடுத்தது ஒன்றுமில்லை. எழுதியதை அழித்தாள்.

பிறகு இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்துக்கொண்டு, கைலியும் பழைய சட்டையுமாகவே பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். அங்கம்மா மறுநாள் சம்பலுக்கு நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கட்டுரை தேறிய செய்தியைச் சொன்னாள். உங்கள் பேர் மறுபடி வருகிறது அக்கா, இந்தத் தடவை யாரும் அழிக்க மாட்டார்கள் என்றாள். பிறகு நேராகச் சுவருக்குப் போய் எட்டாவது ஆணியில் சாவியை மாட்டினாள். அது ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் குடுக்குறேன்கா" என்றாள்.

அங்கம்மா கையைக் கழுவவில்லை. நெத்திலிக் கையோடு வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றாள். "இருபத்தேழாம் நம்பர் சாவி வந்துருச்சி! சுபத்திராவே கொண்டாந்து குடுத்துட்டா!"

கேட்டுச்சிக்கா என்றது இருபத்தொன்றாம் வீடு. பதினேழிலிருந்து யாரோ கைதட்டினார்கள். சுபத்திரா வீட்டுக்கு வந்து, கணினி முன் உட்கார்ந்து, அந்தக் கேள்விக்குக் கீழே "உண்டு" என்று மறுபடி எழுதினாள்.